கரைக்கு வந்த கயிறு

மனுவேல் ரகசியம் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். பூசையில் எழுந்தேற்ற மணி அடித்து, கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கும்போது, "ஏளா அல்போன்சா, அடுப்ப அணைச்சியா?" என்று கேட்பான். தான் முணுமுணுக்கிறதாகத்தான் அவனுக்கு நினைப்பு. முன்வரிசைக் கன்னியாஸ்திரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அல்போன்சா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அணைத்துவிட்டேன் என்று தலையை ஆட்டுவாள். கொஞ்ச காலம் வெட்கமாக இருந்தது. கொஞ்ச காலம் கோபமாக வந்தது. பிறகு இரண்டும் போய்விட்டன. உடம்பு அலுத்துப்போன மனுசிக்கு வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே.

அவன் பிறவிச் செவிடு இல்லை. சங்கு குளித்துச் செவிடானவன். சங்குக்கு முங்கப் போகிறவனுக்கு முதல் வருசம் காதுவலி உயிரைக் குடிக்கும். ஒருநாள் ஆழத்தில் உள்ளுக்குள்ளே எதுவோ டப்பென்று உடையும், காதிலும் மூக்கிலும் ரத்தம் வரும், அதோடு வலி நின்றுபோகும். "காது திறந்துட்டு" என்று தோணியில் இருக்கிறவன் எல்லாம் முதுகில் தட்டிக் கொடுப்பான். மனுவேலுக்குக் காது திறந்த அன்றைக்கு அவன் அம்மா கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தாள். அடப் பாவி மக்கா, மிட்டாய் கொடுக்கிற காரியமா அது? உடைந்த காதில் சீழ் பிடித்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், ஊமத்தஞ்சாறு பிழிந்தார்கள். கல்யாணமான புதிதில் ஒரு காது போயிற்று, முப்பது வயசுக்குள் மற்றதும் போயிற்று.

அதற்கும் அவன் கலங்கவில்லை. "தண்ணிக்குள்ள எல்லாரும் செவிடுதாம்ளா" என்பான். நிசந்தானே. கடலுக்கு அடியில் யார் யாரைக் கூப்பிட முடியும்? அங்கே பேச்செல்லாம் கயிறுதான். முங்குகிறவன் இடுப்பிலே ஒரு நுனி, தோணியில் நிற்கிறவன் கையிலே மறு நுனி. ஒரு இழு இழுத்தால், இருக்கேன், நல்லா இருக்கேன். விடாமல் இழுத்தால், தூக்கு.

அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பொண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அது அந்தக் கடற்கரையின் வழக்கம். சொந்த அண்ணன் தம்பி என்றால் பங்காளி, சொத்து சுகம் என்று ஆயிரம் இருக்கும். மச்சான்காரன் அப்படி இல்லை, தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, கண்ணை இமைக்க மாட்டான். மனுவேலுக்குக் கயிறு பிடித்தவன் அல்போன்சாவின் அண்ணன் சிலுவை. எட்டுப் பாகம், பத்துப் பாகம் என்று எட்டுப் பத்து ஆள் ஆழத்துக்கு மனுவேல் போவான். அவன் திரும்பி வரும்வரை சிலுவை வெற்றிலைகூடப் போட மாட்டான்.

ஒருநாள் மனுவேலுக்குத் தண்ணீருக்குள் தலை சுற்றிவிட்டது. காது கெட்டால் கூடவே வருகிற கிறுகிறுப்பு அது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மேலே வருவதாக நினைத்துக்கொண்டு மணலில் போய் முட்டியிருக்கிறான். கயிறு போகிற திசையைப் பார்த்துச் சிலுவைக்குச் சந்தேகம் தட்டி, அள்ளி இழுத்துப் போட்டான். தோணியில் கிடந்து மனுவேல் ரத்தமாக வாந்தி எடுத்தான். அன்றைக்கு மாதா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள் அல்போன்சா, இனிமேல் கடலில் முங்குவதில்லை என்று. கயிறு வீட்டுச் சுவரில் ஆணியில் ஏறிற்று. மச்சான் மச்சினன் இருவரும் பழைய துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்கள்.

துறைமுகத்தில் வேலை எப்படிக் கிடைக்கும் என்றால், விடியும்போது கொட்டகையில் போய் நிற்க வேண்டும். கையிலே டோக்கன் இருக்கும், அதில் நம்பர் இருக்கும். வன்னியபெருமாள் மேஸ்திரி ஒரு கவிழ்த்துப் போட்ட பீப்பாய்மேல் ஏறி நின்று அன்றைக்கு வேண்டிய ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் கையைத் தூக்கி "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த நம்பர். அவ்வளவுதான். மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. தோணி காத்துக் கிடக்கும்.

சிலுவை பக்கத்தில் நின்றவரை ஒரு குறையும் இல்லை. மனுவேல் நம்பரைக் கூப்பிட்டால் தோளில் ஒரு தட்டு, இவன் கையைத் தூக்கி "இருக்கேன்" என்று போடுகிற சத்தத்தில் தோணிக்காரன் திரும்பிப் பார்ப்பான். நாலைந்து வருசம் அப்படியே ஓடிற்று. அப்புறம் புதுத் துறைமுகம் திறந்தார்கள். பெரிய கப்பல் எல்லாம் அங்கே போயிற்று, சிலுவைக்கும் அங்கேயே நிரந்தர வேலை ஆயிற்று. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? போகும்போது தங்கச்சி முகத்தைப் பார்க்காமல், "வேற யாரையாவது தட்டச் சொல்லிக்கிடு, ஏளா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறு யார் தட்டுவார்கள்? பழைய துறைமுகத்தில் வேலை குறைந்துவிட்டது, நிற்கிற ஆள் குறையவில்லை. மனுவேல் கையைத் தூக்காவிட்டால் அடுத்தவன் வீட்டில் அடுப்பு எரியும். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான், முந்தாநாள் வரைக்கும் கூட உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள்தான். ஆனாலும் அந்த நேரத்துக்குக் கை எழும்பவில்லை. அவர்களைத் திட்டி என்ன பண்ண?

மனுவேல் முன்னால் போய் நின்று மேஸ்திரியின் வாயைப் பார்த்துப் பழகினான். வெற்றிலை குதப்பிய வாயில் பாதி தெரியும், பாதி தெரியாது. நல்லவேளை, மேஸ்திரிக்குக் கூப்பிடுகிற ஆளைப் பார்த்து விரலை நீட்டுகிற பழக்கம் உண்டு. அதை வைத்துத் தப்பித்தான். மழை இருட்டில் அதுவும் தெரியாது, அன்றைக்கு வேலை போகும். ஆகவே அல்போன்சா கூட வர ஆரம்பித்தாள். பெண்பிள்ளைகளைக் கொட்டகைக்குள் விட மாட்டார்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், அவன் நம்பர் விழுந்ததும் முந்தானையை எடுத்து வீசுவாள். "மாப்பிள்ளைக்குக் கொடி அசைஞ்சிட்டுடே, கப்பல் கிளம்பட்டும்" என்று உள்ளே நிற்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அவள் எதையும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். அவளுக்கு அங்கிருந்து இறால் கம்பெனிக்கு ஓட வேண்டும்.

இறால் கம்பெனி என்றால் ஒரு நீளக் கொட்டகை, ஐஸ் தண்ணீர், தகர ட்ரே, வரிசையாகப் பெண்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாய நின்றுகொண்டே இறால் உரிக்க வேண்டும். ஐஸில் விரல் மரத்துப்போகும், இறால் முள் குத்தினதுகூடத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படிகாரத் தண்ணீரில் கையை வைக்கும்போதுதான் ஒவ்வொரு கீறலும் உயிர் பெற்று எரியும். அங்கே சூப்பர்வைசர் ஜீவமணி, நாசரேத்துப் பக்கத்துக்காரி, மணி அடித்தால் கதவை அடைக்கிறவள். அல்போன்சா மணிக்குப் பிறகு ஓடி வரும்போது முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திட்டினாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை அல்போன்சாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்கேரு அல்போன்சா, உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா உன்னைப் பாத்து மத்தவளுகளும் லேட்டா வாராளுவ. இனி மணிக்குப் பெறவு வந்தேன்னா, அந்த ட்ரேயை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது, சொல்லிட்டேன்."

அல்போன்சா அழவில்லை. சரி என்றாள். அவன் வேலையை விட்டால் வீட்டில் பாதி அடுப்பு, அவள் வேலையை விட்டால் மீதிப் பாதி. அவள் ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாதாவாலேயே ஆகுமோ என்னவோ.

ஆகவே அவள் துறைமுகக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். தொழிலாளர் ஆபீசர் ஜேசுபாதம் கண்ணாடி போட்ட, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். உட்காரச் சொன்னார். இவள் உட்காரவில்லை, சேலையில் இறால் வாடை.

"ஐயா, ஒரு கரும்பலகை வச்சாப் போதும். மேஸ்திரி கூப்பிடுத நம்பரை ஒரு ஆளு சாக்கட்டியால எழுதிட்டே வந்தா, எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிடுவாரு. நம்பர் படிக்க அவருக்குத் தெரியும்."

"எழுத ஒரு ஆள் போடணுமேம்மா. ஒருத்தருக்காக ஒரு ஆளை நான் எப்படிக் கேப்பேன்?"

"அவருக்குக் கூப்பிடுதது கேக்கலைய்யா. அதான் பிரச்சினை. வேற ஒண்ணுமே இல்ல. மத்தவனுவளைவிட ஒரு மூட்டை கூடவே தூக்குவாரு."

ஆபீசருக்கு மனசு இளகிவிட்டது. நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். "கூப்பிடுறது கேக்கல. சரி. நான் ஏதாவது செய்யுறேன், நீங்க போங்கம்மா" என்றார். அவர் குரலில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து அல்போன்சா அன்றைக்கு மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றினாள். அந்தத் திரியை வீட்டில் வைத்து எரித்திருந்தால் ரெண்டு நாள் வெளிச்சத்துக்கு ஆகியிருக்கும்.

செய்தார் ஐயா, செய்தார். என்ன செய்தார் தெரியுமா? கூப்பிடுகிறது கேட்கவில்லை என்று சொன்ன செவிட்டு மனிதனுக்காக, ஒலிபெருக்கி வாங்கி வைத்தார்! வாய் அகன்ற பெரிய குழாய், திருவிழாவுக்குக் கட்டுவார்களே, அதே தினுசு. கொட்டகையின் நடுத்தூணில் கட்டியாயிற்று. நம்ம ஊரில் எதற்குத்தான் குழாய் கட்டவில்லை? கல்யாணத்துக்குக் குழாய், சடங்குக்குக் குழாய், அம்மன் கொடைக்குக் குழாய், கோயில் திருநாளுக்குக் குழாய். எங்கே ஒரு குறை இருந்தாலும் ஒரு குழாயைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிற ஜனங்கள். ஆபீசரை மட்டும் குற்றம் சொல்வானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவும் நடந்தது. குழாய்க்கு ஒரு மாலை, மைக்குக்கு ஒரு மாலை. சந்தனம், கல்கண்டு. மனுவேலை முன்னால் கூட்டி வந்து நிறுத்தினார்கள். ஆபீசர் மைக்கைப் பிடித்து, கொட்டகைக் கூரை அதிர, "மனுவேல், இப்ப கேக்குதா?" என்றார். மனுவேல் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாலை தொங்குகிறது, கல்கண்டு கொடுக்கிறார்கள். ஏதோ நல்ல காரியம், நல்லா இருக்கிறதா என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையை ஆட்டி, "நல்லா இருக்குதுய்யா" என்றான். கொட்டகையே கை தட்டிற்று. வேலிக்கு வெளியே நின்ற அல்போன்சா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மைக் நனையக்கூடாது என்று கொட்டகைக்கு ஒட்டினாற்போல இருந்த சின்ன அறையில் வைத்தார்கள். மறுநாளிலிருந்து மேஸ்திரி அந்த அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட ஆரம்பித்தார். பீப்பாயைக் காணோம். வாயைக் காணோம், விரலைக் காணோம். மனுவேல் அந்தக் குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அது வாயைத் திறந்தது திறந்தபடியே இருக்கிறது, அதில் என்னத்தைப் படிக்க? அல்போன்சா மணிக்குப் பயந்து இறால் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். அன்றைக்கு அவன் வெறுங்கையோடு வந்தான். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

அவள் மறுபடியும் ஆபீசரிடம் போனாள். அவர் முகம் வாடிப்போயிற்று.

"உங்களுக்காகத்தானேம்மா இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினேன்? அன்னைக்கு அவரே நல்லா இருக்குன்னாரே, எல்லாரும் கேட்டாங்களே."

"அவருக்கு நீங்க என்ன கேட்டியன்னே தெரியாதுய்யா."

"இனி நான் போய்ப் பலகை வேணும்னா, குழாய் எதுக்கு வாங்கினேன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் எங்கே போகும்? அது சாப்பாடு கேட்குமே. அல்போன்சாவுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சூட்டோடு நேராக மேஸ்திரி அறைக்குப் போனாள். பெண்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒருத்தன் சொன்னதை அவள் கேட்கவே இல்லை. அவரை அந்த நாற்காலியை விட்டு எழுப்பி, பழையபடி பீப்பாய்மேல் ஏற்றாமல் விடுவதில்லை என்றுதான் போனாள்.

வன்னியபெருமாள் மேஸ்திரி வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிவிட்டு, வலது காலை ஒரு சாக்குமூட்டைமேல் தூக்கி வைத்திருந்தார். அந்தக் காலைப் பார்த்ததும் அவள் கொண்டுபோன வார்த்தை எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டன. யானைக்கால். முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் தடித்து, வெடிப்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை வருசமாக வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பீப்பாய்மேல் நின்றிருக்கிறார் மனிதர்.

"என்னம்மா?" என்றார், அவசரமாக வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றாள்.

"ஒண்ணுமில்லாமலா இவ்வளவு வேகமா வந்தே? நீ மனுவேல் பொண்டாட்டிதான? எனக்கும் தெரியுது தாயி. அம்பத்தேழுன்னு கூப்பிட்டுட்டு ஒரு நிமிசம் பாக்கேன், சத்தத்தைக் காணோம். எட்டிப் பாக்கலாம்னா எந்திரிக்க முடியல. இந்த நாற்காலி வந்த பெறவுதான் சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போறேன். அதுக்கு முந்தி என் மகன் சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டுப் போவான்."

இதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்? எழுந்து நில்லுங்கள் என்றா கேட்பாள்? வந்த வழியே திரும்பினாள். கோபமாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பாள். இப்போது அதுவும் இல்லை. வீடு வரைக்கும் காலை இழுத்து இழுத்து வைத்துப் போய்ச் சேர்ந்தாள்.

மனுவேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அப்படிப் படுக்கிறவன் இல்லை. அவள் தொட்டதும் திரும்பி, "ஏளா, நான் இனி அங்கன போகமாட்டேன். எல்லாவனும் என்னைப் பாத்துச் சிரிக்கான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. அவள் எதிரே உட்கார்ந்து, கையாலும் வாயாலும் நடந்ததைச் சொன்னாள். மேஸ்திரி கால் எவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நீர் வடிகிறதைக் காட்டினாள். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைக் காட்டினாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"பாவம். அவரு உக்காரட்டும்" என்றான். "எனக்கு அவரு வாயி வேண்டாம். கையி போதும்."

எழுந்து போய் ஆணியிலிருந்த கயிற்றை எடுத்தான்.

அல்போன்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கயிற்றைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவன் ரத்தமாக வாந்தி எடுத்த அன்றைக்குக் கரைக்கு வந்த கயிறு அது. விறகு கட்டக்கூட அதை எடுக்க மாட்டாள். இப்போது அவன் அதன் ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் சுருக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்று கையை ஆட்டினாள். "மாட்டைக் கட்டி வச்ச மாதிரி இருக்கும். ஊரே சிரிக்கும்."

அவள் வாயை உற்றுப் பார்த்துப் புரிந்துகொண்டான். "சிரிச்சாச் சிரிக்கட்டும். எனக்குத்தான் கேக்காதே" என்றான்.

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இந்த மனுசனை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய.

"உங்க அண்ணன் இருந்தா நல்லாருக்கும். இது மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு" என்றான் அவன், சுருக்கை அவிழ்த்துக்கொண்டே. அண்ணன் புதுத் துறைமுகத்தில் இருக்கிறான், விடியற்காலம் அவன் எப்படி வருவான்?

மறுநாள் விடியும்போது இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். மனுவேல் மைக் அறையை ஒட்டின தூணின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். மணிக்கட்டில் கயிறு. ஆட்கள் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக் காட்டிச் சிரித்தார்கள். "கட்டிப் போட்டுட்டாளே, பால் எவ்வளவு கறக்கும்?" என்றான் ஒருத்தன். மனுவேல் சாவதானமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அல்போன்சா கயிற்றின் மறு நுனியை ஜன்னல் கம்பிக்குள் விட்டு, சுற்றிக்கொண்டு போய் அறைக்குள் நுழைந்தாள்.

மேஸ்திரி கயிற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன கூத்து தாயி?"

"அம்பத்தேழு கூப்பிடும்போது இதை ஒரு இழு இழுங்க அண்ணாச்சி. அவ்வளவுதான். நீங்க எந்திரிக்க வேண்டாம்."

"சரிதான், ஒரு ஆளைக் கயித்துல கட்டி வச்சு வேலை வாங்குதேன்னு நாளைக்கு யூனியன்காரன் வந்து நிப்பான். ஆபீசர் என்னைக் கேப்பாரு."

"கடலுக்குள்ள இதே கயித்துலதான் கட்டினோம். அப்ப ஒரு யூனியனும் வரலியே."

மேஸ்திரி தாடையைத் தடவிக்கொண்டார். வெளியே ஆட்கள் சலசலக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"நான் ஒருத்தன் கிடந்து நூறு நம்பரைப் பாக்கணும். மறந்துட்டேன்னா?"

அல்போன்சாவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. அவர் வேறு சாதி, வேறு சாமி. கடற்கரை வழக்கமெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவளுக்கு அதற்கு மேல் சுற்றி வளைத்துப் பேசத் தெம்பில்லை.

"அண்ணாச்சி, எங்க ஆளுகள்ல இந்தக் கயித்தைக் கண்டவன் பிடிக்க மாட்டான். பொண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுத்துட்டு நிக்கக் கூடாதேன்னு நினைக்கிறவன்தான் மறக்க மாட்டான், அதுக்காக. எங்க அண்ணன் பிடிச்சிருந்த கயிறு. இப்ப அவன் இங்கன இல்ல. இனி நீங்க பிடிச்சாப் பிடிங்க, விட்டா விடுங்க. கடல்ல மறந்தா ஆளு செத்துப்போவான். இங்கன மறந்தா எங்க அடுப்பு எரியாது, அவ்வளவுதான. நான் போறேன், எனக்கு மணி ஆயிட்டு."

கயிற்று நுனியை மேசைமேல் மைக் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுத்தாரா இல்லையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. நின்றால் ஜீவமணி கதவை அடைத்துவிடுவாள். வேலி ஓரமாக ஓடும்போது குழாயில் மேஸ்திரி தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. முதல் நம்பர் கேட்டது. பிறகு ரோட்டு லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடிக்கிறதும் அவள் உள்ளே கால் வைக்கிறதும் ஒன்றாக இருந்தது. ஜீவமணி ட்ரேயைக் காட்டினாள். அன்றைக்கு முழுக்க அல்போன்சா இறால் உரித்தாள். கூப்பிட்டிருப்பாரா? இழுத்திருப்பாரா? கயிறு ஜன்னல் கம்பியில் சிக்கியிருந்தால்? பக்கத்தில் நின்று உரித்த பிலோமி என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள், இவளுக்கு ஒரு வார்த்தை மனசில் பதியவில்லை. "ஏளா, உனக்கும் காது அடைச்சிட்டா?" என்று கேட்டாள் பிலோமி. மத்தியானம் கஞ்சி இறங்கவில்லை. அவன் மறுபடியும் வெறுங்கையோடு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் என்றால், இனி எழுப்ப அவளிடம் ஒரு வழியும் பாக்கி இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். பட்டினி அவளுக்குப் புதிதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் அங்கே இல்லை. பாய் சுருட்டினபடியே இருந்தது. அவள் விளக்கைத் துடைத்து ஏற்றிவிட்டு, படிகாரத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். விரல் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. தெருக்கோடியில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. தலைமுடி, புருவம், மீசை, மார்பு எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதலில் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. சிமெண்டு. தோணியில் சிமெண்டு ஏற்றியிருக்கிறான். கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. தோளில் கயிறு சுருட்டிக் கிடந்தது.

பக்கத்தில் வந்து வலது கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டில் சுருக்குப் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

"ஏளா!" என்றான், மூன்று தெருவுக்குக் கேட்க. "அந்த மச்சான்கிட்ட மெதுவா இழுக்கச் சொல்லு. அவரு இழுத்த இழுப்புல கை கழண்டு போச்சு. கூப்பிடுததுக்கு முந்தியே ஒரு தடவை இழுத்துப் பாக்காரு, நான் இருக்கேனான்னு!"

தெருவே கேட்டது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அல்போன்சாவால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அழுதுவிடுவாள், அவனுக்கு அது கேட்கவும் செய்யாது. ஈரக் கையைத் துடைக்காமலே நீட்டி, அவன் தோளில் கிடந்த கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே ஒரு இழு இழுத்தாள்.

அவன் தலையை ஆட்டினான். சிமெண்டு கண்ணிமையிலிருந்து உதிர்ந்தது. "நானும் இருக்கேன்" என்றான்.